பூச்சி மருந்து கொடுத்தும் கோழி இளைக்கிறதே, ஏன்?

போன ஐப்பசி மழை விட்ட கையோடு எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழிகளில் மூன்று இளைக்க ஆரம்பித்தன. தீனி எடுக்காமல் இல்லை, மற்றதைவிட ஒரு பிடி அதிகமாகவே தின்றன, ஆனால் தூக்கிப் பார்த்தால் கையில் கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி மாதிரி விரலில் படுகிறது, கொண்டை வெளிறிக் கிடக்கிறது, முட்டையும் நின்றுவிட்டது. கடையில் போய் "கோழிக்குப் பூச்சி மருந்து" என்று கேட்டேன், ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள், நானும் எதுவும் கேட்காமல் வாங்கி வந்து தண்ணீரில் கலந்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. ஒரு மாற்றமும் இல்லை. அதில் ஒன்று செத்தபோது, புதைப்பதற்கு முன்னால் குடலைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று தட்டையாக, நாடா நாடாவாக ஒட்டிக்கொண்டிருந்தன. பாட்டிலைத் திருப்பிப் படித்தால் பைப்பரசின் என்று போட்டிருக்கிறது. பைப்பரசினுக்கும் நாடாப்புழுவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டு தடவை நான் கொடுத்தது கோழிக்கு வெறும் தண்ணீர் கொடுத்த மாதிரிதான்.

"வயிற்றுப் பூச்சி" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதில் குறைந்தது நான்கு தனித்தனி சமாச்சாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் கோழிக்குள் போகிற வழி வேறு, அதற்குக் கேட்கிற மருந்தும் பல நேரம் வேறு.

எல்லோருக்கும் தெரிந்தது உருண்டைப்புழு, அறிவியல் பெயர் அஸ்காரிடியா காலி. சிறுகுடலில் இருக்கும், வெள்ளையாக, பெண் புழு 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளம் வரும். அறுத்துப் பார்த்தால் வேகவைத்த சேமியாவைக் குடலுக்குள் திணித்து வைத்தது போல இருக்கும். ரொம்பச் சேர்ந்துவிட்டால் குஞ்சுகளில் குடலையே அடைத்துவிடும். இதற்கு நடுவில் வேறு உயிர் எதுவும் தேவையில்லை. எச்சத்தில் முட்டை வெளியே வரும், மண்ணில் கிடந்து முட்டைக்குள்ளேயே குட்டிப்புழு வளரும், அதை இன்னொரு கோழி கொத்தும், அவ்வளவுதான். குஞ்சு கொத்தினால் ஐந்தாறு வாரத்தில் அதன் வயிற்றிலும் முட்டையிடுகிற புழு தயார், பெரிய கோழியில் இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

அடுத்தது ஹெட்டராக்கிஸ் என்கிற குருட்டுக்குடல் புழு. ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர்தான். நாட்டுக்கோழியை இது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, ஆனால் இதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஓரணு உயிரி ஒளிந்துகொண்டு பயணம் செய்யும். வான்கோழிகளில் கல்லீரலையும் குருட்டுக்குடலையும் அரித்து மொத்தக் கூட்டத்தையே காலி செய்வது அதுதான். கோழியும் வான்கோழியும் ஒரே முற்றத்தில் மேய வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். இந்தப் புழுவின் முட்டைகளை மண்புழு தின்று பல மாதம் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும். மழைக்குப் பிறகு மண்புழு மேலே வந்தால் கோழிக்கு விருந்து, கூடவே இதுவும்.

மூன்றாவது மயிரிழைப்புழு, கேப்பில்லேரியா. பெயருக்கு ஏற்றபடி தலைமுடி மாதிரி இருப்பதால் குடலைப் பிளந்தாலும் கண்ணில் படாமல் தப்பித்துவிடும். கண்ணில் படாது என்பதற்காகச் சாதுவானது என்று நினைத்துவிடக் கூடாது. குடலின் உட்சுவருக்குள் துளைத்துக்கொண்டு போகும் ஜாதி இது, அதிகமானால் கோழி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

நான்காவது நாடாப்புழு. நம்மூர் மேய்ச்சல் கோழிகளில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது ரெய்லியெட்டினா என்கிற பேரினம். இதில் ஒரு வகை 25 சென்டிமீட்டர் வரை வளரும், தலையைக் குடல் சுவருக்குள் புதைத்துக்கொண்டு அங்கங்கே முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும், பார்ப்பதற்குக் கோழிக்கு வருகிற காசநோய் முடிச்சு மாதிரியே தெரியும். நாடாப்புழு கோழியிலிருந்து கோழிக்கு நேரடியாகப் போகாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அரிசி மணி மாதிரி உடைந்து எச்சத்தோடு வெளியே விழுகிற துண்டுகளை எறும்போ சாணவண்டோ தின்ன வேண்டும், அந்தப் பூச்சிக்குள் அது சில வாரம் வளர வேண்டும், அப்புறம் கோழி அந்தப் பூச்சியைத் தின்ன வேண்டும். வீட்டு ஈ சுமக்கிற நாடாப்புழு ஒன்று உண்டு, நத்தை சுமக்கிற குட்டி வகையும் உண்டு. ஆக, எறும்பும் வண்டும் கொத்தித் திரிகிற கோழிக்கு நாடாப்புழு வருவது ஆச்சரியம் இல்லை, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாமக்கல் பக்கம் கம்பிக் கூண்டில் நிற்கிற முட்டைக்கோழிக்கு உருண்டைப்புழு அரிதாக இருப்பதற்குக் காரணம் வேறு, அது தன் எச்சத்தையே மிதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜனவரி முதல் பழைய மாதிரி கம்பிக் கூண்டுக்குத் தடை வந்தது, கோழிகள் கூளத்துக்கும் புல்வெளிக்கும் இறங்கின, ஏறக்குறைய மறந்தே போயிருந்த உருண்டைப்புழு அங்கே பண்ணைகளில் திரும்பவும் பெரிய பேச்சாகிவிட்டது. கோழிக்கு நிம்மதி கிடைத்தது, புழுவுக்கும் கிடைத்தது.

சரி, மருந்துக்கு வருவோம்.

பைப்பரசின் 1950களிலிருந்து புழக்கத்தில் இருக்கிற பழைய மருந்து, விலை குறைவு, கோழிக்குப் பெரிய ஆபத்து இல்லை. புழுவைக் கொல்லாது, தசையைத் தளர்த்தி மயங்கவைக்கும், குடலின் ஓட்டத்தில் புழு அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆனால் உருண்டைப்புழு ஒன்றுக்குத்தான் நம்பிக் கொடுக்கலாம், அதிலும் வளர்ந்த புழுவுக்கு மட்டும். குடல் சுவருக்குள் புதைந்திருக்கிற குட்டிப்புழுவை அது தொடாது, அதனால்தான் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். லெவாமிசோல் இன்னும் அகலமானது, உருண்டை, குருட்டுக்குடல், மயிரிழை மூன்றிலும் வேலை செய்யும், நாடாப்புழுவில் செய்யாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் கோழித் தீவனத்தில் புகையிலைத் தூளைக் கலந்து உருண்டைப்புழுவை விரட்டினார்கள். புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் புழுவின் தசையில் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ, லெவாமிசோல் திறப்பதும் கிட்டத்தட்ட அதே பூட்டைத்தான். இதைப் படித்துவிட்டு யாரும் புகையிலையை ஊறவைத்து ஊற்றிவிட வேண்டாம், நிக்கோட்டின் அளவு கொஞ்சம் கூடினால் புழுவுக்கு முன்னால் கோழி போய்விடும்.

ஆல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டும் ஒரு குடும்பம். புழுவின் செல்களுக்குள் இருக்கிற சட்டகத்தைக் கலைத்து, சத்தை உறிஞ்ச முடியாமல் செய்து, மெதுவாகச் சாகடிக்கும். உருண்டை வகையெல்லாம் இதற்குக் கேட்கும். அமெரிக்காவில் 2018இல் தண்ணீரில் கலக்கிற ஃபென்பெண்டசோலை முட்டையிடும் கோழிக்கும் அனுமதித்தார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம், ஐந்து நாள் தொடர்ந்து, முட்டையை ஒதுக்கி வைக்கவும் தேவையில்லை. ஆனால் அந்த அனுமதி அந்தக் குறிப்பிட்ட தயாரிப்புக்கு, அந்த அளவுக்கு. நம் கையில் கிடைக்கிற ஆட்டு மருந்து பாட்டிலுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது.

நாடாப்புழுவுக்கு நேரான மருந்து பிராசிகுவாண்டல், கிலோவுக்குப் பத்து மில்லிகிராம் கணக்கில் ஒரே வேளை. அது கிடைக்காத இடத்தில் ஆல்பெண்டசோலைக் கிலோவுக்கு இருபது மில்லிகிராம் வரை உயர்த்திக் கொடுப்பதும் உண்டு, உருண்டைப்புழுவுக்கு அதில் பாதி போதும். இந்தக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். மனிதருக்கான ஆல்பெண்டசோல் மாத்திரை 400 மில்லிகிராம். "கோழிக்குப் பாதி மாத்திரை" என்று ஒரு வைத்தியம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு இருபது மில்லிகிராம் கணக்கில் போட்டாலும் முப்பதுதான் வருகிறது, அதாவது ஒரு மாத்திரை பதின்மூன்று கோழிக்கு. பாதி மாத்திரையை ஒரே கோழியின் வாயில் போட்டால் தேவையைப் போல ஆறேழு மடங்கு. இரண்டரை சதவீதத் திரவம் என்றால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும், அதே பெட்டைக்கு ஒன்றேகால் மில்லி சரியாக இருக்கும். ஆல்பெண்டசோல் அமெரிக்காவில் கோழிக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்து கிடையாது, இங்கேயும் கால்நடை மருத்துவர் ஒருவர் எடையும் அளவும் பார்த்துச் சொன்ன பிறகு கொடுப்பதுதான் சரி. அடைக்கு முட்டை சேர்க்கிற சமயத்தில் இந்தக் குடும்பத்து மருந்தைத் தவிர்த்துவிடுங்கள், கருவைப் பாதிக்கிற குணம் இதற்கு உண்டு. இறகு உதிர்த்து முளைக்கிற சமயமும் வேண்டாம், ஃபென்பெண்டசோலால் புது இறகு கோணலாக வளர்ந்தது புறாக்களில் பதிவாகியிருக்கிறது.

ஐவர்மெக்டினைப் பற்றியும் கேட்பார்கள். பேன், செள்ளுக்காக அதை வாங்கி வைத்திருப்பவர்கள் "இதிலேயே வயிற்றுப் பூச்சியும் போய்விடும்" என்று நினைக்கிறார்கள். மாட்டிலும் ஆட்டிலும் அது கில்லாடிதான், கோழியின் உருண்டைப்புழுவில் அதன் வேலை சுமார், நாடாப்புழுவில் சுத்தமாகக் கிடையாது, ஆனால் மருந்து மட்டும் கோழி இடுகிற முட்டையில் தங்கிவிடும்.

எந்த மருந்தாக இருந்தாலும் தண்ணீரில் கலந்து வைப்பது கொட்டகைக் கோழிக்குச் சரிப்படும், மேய்ச்சல் கோழிக்குச் சரிப்படாது என்பது என் கட்சி. நாம் வைக்கிற தட்டு அதற்குப் பத்தில் ஒரு தண்ணீர். கொல்லையில் பாத்திரம் கழுவிய தண்ணீர், மாட்டுத் தொட்டி, வாய்க்கால், மழை தேங்கிய குழி என்று அது எங்கே குடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதிலும் ஆல்பெண்டசோல் மாதிரி கரையாத மருந்து அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், கடைசியாக வந்து குடிக்கிற கோழிக்கு மொத்தமும் போகும், தெம்பான சேவல் நிறையக் குடிக்கும், உண்மையில் மருந்து தேவைப்படுகிற நோஞ்சான் ஓரத்தில் நிற்கும். பத்துப் பதினைந்து கோழிதானே, அடைந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் அரை மணி நேர வேலை. நாக்குக்குப் பின்னால் மூச்சுக்குழாய் வாய் திறந்திருக்கும், அங்கே நேராக அடித்துவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் பிடிப்பதில் இன்னொரு லாபம், நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்துவிடலாம், எது இளைத்திருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

முட்டையையும் கறியையும் என்ன செய்வது என்ற கேள்விக்கு, பாட்டிலில் கோழிக்கென்று ஒதுக்கு நாள் போட்டிருந்தால் அதுவே கணக்கு. போடாத மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள், பத்திலிருந்து பதினான்கு நாள் ஒதுக்கச் சொல்வது வழக்கம். கோழியின் உருண்டைப்புழு மனிதருக்குள் வளராது, அந்தப் பயம் வேண்டாம். எப்போதாவது முட்டைக்குள்ளேயே ஒரு புழு வந்து விழுவதுண்டு, பார்க்கச் சகிக்காது, மற்றபடி ஆபத்தில்லை.

நாட்டு வைத்தியம் பற்றிக் கேட்டால் என் பதில் இரண்டுங்கெட்டான்தான். கொட்டைப்பாக்கில் இருக்கிற அரிக்கோலின் நாய்களின் நாடாப்புழுவுக்கு ஒரு காலத்தில் மருத்துவர்களே கொடுத்த மருந்து, அதில் சந்தேகமில்லை. பூசணி விதை, வேப்பங்கொழுந்து, பூண்டு எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆதாரம் உண்டு. பிரச்சினை அளவில்தான் இருக்கிறது. ஒரு பாக்கில் இருக்கிற மருந்து இன்னொரு பாக்கில் இருப்பதில்லை. தெம்பாக இருக்கிற கூட்டத்துக்கு மாதம் ஒரு தடவை வேப்பிலையும் பூண்டும் அரைத்துக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கொண்டை வெளுத்து நெஞ்செலும்பு நீட்டிக்கொண்டிருக்கிற கோழிக்கு அதை மட்டும் நம்பி உட்காருவது அதைச் சாகவிடுவது. தீனி விஷயத்தில் மட்டும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம், வைட்டமின் ஏ குறைந்த கோழிக்குள் புழு சுலபமாக நிலைக்கும் என்பது வெகுகாலமாகத் தெரிந்தது. முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது.

இளைப்பு, கழிச்சல் எல்லாமே புழு என்று நினைப்பதும் தப்பு. குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல், ஓரணு உயிரியின் வேலை, மேலே சொன்ன எந்தப் பூச்சி மருந்தும் அதைத் தொடாது, ஆம்ப்ரோலியம் மாதிரி வேறு மருந்து வேண்டும், அதுவும் உடனே. அதே சமயம் பழுப்பாக, பிசுபிசுவென்று, நாற்றமடிக்கிற எச்சத்தைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். அது குருட்டுக்குடல் எச்சம், நல்ல கோழியே எட்டுப் பத்து தடவைக்கு ஒருமுறை அப்படிப் போடும். என்ன புழு என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், நாலைந்து கோழியின் புது எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போகலாம், உப்புக்கரைசலில் முட்டையை மிதக்கவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நாடாப்புழு மட்டும் இதில் அடிக்கடி தப்பிவிடும், முட்டை தனியாக வராமல் துண்டுக்குள்ளேயே கிடப்பதால். அதற்கு நம்மிடம் இன்னும் மலிவான ஆய்வகம் இருக்கிறது: கறிக்கு அறுக்கிற ஒவ்வொரு கோழியின் குடலையும் நாய்க்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தட்டில் தண்ணீர் விட்டுப் பிளந்து பார்ப்பது. ஐந்து நிமிஷம். நான் இதை முன்னாலேயே செய்திருந்தால் அந்தப் பைப்பரசின் பாட்டிலை வாங்கியிருக்க மாட்டேன்.

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கே வருகிறேன். சரியான மருந்து, சரியான அளவு, எல்லாம் கொடுத்தும் இரண்டு மாதத்தில் திரும்ப இளைக்கிறது என்றால், மருந்து போனது கோழிக்குள், புழுவின் சேமிப்பு இருப்பது மண்ணுக்குள். உருண்டைப்புழுவின் முட்டைக்கு மூன்று அடுக்குத் தோல். நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் கிடக்கும், பினாயில் ஊற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அது பயப்படுவது ஈரம் காய்ந்துபோவதற்கும் வெயிலுக்கும்தான். கத்திரி வெயிலில் காய்கிற திறந்த முற்றம் தானாகவே சுத்தமாகிவிடும், ஆனால் கோழிகள் மத்தியானம் ஒதுங்குகிற வேப்பமரத்தடி, தண்ணீர்த் தொட்டி ஓரம், எருக்குழி, கூட்டுக்கு அடியில் என்று நாலு இடம் இருக்கிறதே, வருஷம் முழுக்கத் தொற்று அங்கேதான்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது. புதிதாக விழுந்த எச்சத்தில் இருக்கிற உருண்டைப்புழு முட்டை உடனே தொற்றாது. நம்மூர்ச் சூட்டுக்கு வெகு வேகமாக வளர்ந்தாலும் உள்ளே குட்டிப்புழு தயாராகப் பத்து நாளாவது ஆகும். கோழி எச்சத்தில் பெரும்பங்கு ராத்திரி அடைகிற இடத்தில் விழுகிறது. ஆக, கூட்டையும் பஞ்சாரம் கவிழ்க்கிற இடத்தையும் தினம் கூட்ட முடியாவிட்டாலும் வாரம் ஒரு தடவை சுரண்டி எடுத்துவிட்டால், மண்ணில் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் தடுத்துவிடலாம். எடுத்ததை உரக்குழியில் குவித்து மூடிவைத்தால் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டும்போது முட்டைகள் வெந்துபோகும், பக்கத்திலேயே பரப்பிவைத்தால் கோழி வந்து கிளறிவிட்டுப் போகும், செய்த வேலை வீண். பஞ்சாரத்தை ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கவிழ்க்காமல் இடம் மாற்றுவதும் இதே கணக்குத்தான். மருந்து கொடுத்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் விழுகிற எச்சத்தைக் கண்டிப்பாக அள்ள வேண்டும். புழுவும் முட்டையும் மொத்தமாக வெளியே வருகிற நாள் அது. வெறும் மயக்கத்தில் வெளியே வந்து நெளிகிற புழுவைக் கோழியே ஓடிவந்து கொத்தும், நானே பார்த்திருக்கிறேன்.

நாடாப்புழுவில் இந்தப் பத்து நாள் சலுகை கிடையாது, துண்டு விழுந்த நிமிஷத்திலேயே எறும்பு இழுத்துக்கொண்டு போகும். எறும்பை ஒழிக்கிறேன் என்று முற்றத்தில் விஷப்பொடி தூவினால் அதைத் தின்பதும் கோழிதான். கூட்டைச் சுற்றிச் சிந்திய தீனி கிடக்காமல் பார்ப்பது, கூட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது, சாணக்குவியலைத் தள்ளி வைப்பது, அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. மூன்று வாரத்தில் திரும்பத் தொற்றி வளர்ந்த புழு இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டுதான் கோழியை மேயவிடுகிறோம்.

அதற்காக மாதாமாதம் மருந்து ஊற்றச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மாதம் தாண்டிய, தெம்பான கோழி நாலைந்து புழுவோடு சுகமாகவே வாழும், அதன் உடம்பே புழுவை ஓரளவு அடக்கிவைக்கும். அமெரிக்காவில் வான்கோழிப் பண்ணைகளில் ஒரே மருந்தை விடாமல் கொடுத்து, ஃபென்பெண்டசோலுக்கு அசையாத உருண்டைப்புழு கிளம்பியிருக்கிறது. குஞ்சுக்கு இரண்டு மாதத்தில் முதல் தடவை, அப்புறம் மழைக்கு முன்னும் மழை முடிந்தும், நடுவில் எடையும் குடலும் சொல்கிறபடி. இதில் தவறவிடக் கூடாத ஒரு தடவை, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் கொடுப்பது. உருண்டைப்புழு உள்ள கோழியில் அந்தத் தடுப்பூசியின் பலன் குறைவதை டென்மார்க்கில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம்மூரில் தை, மாசி வாக்கில் முகாம் போட்டு ஊசி போடுகிறார்கள், தேதி தெரிந்ததும் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த மூன்றில் மிச்சமிருந்த இரண்டுக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி பிராசிகுவாண்டல் கொடுத்தேன். ஒன்று ஒரு மாதத்தில் தேறி முட்டைக்கு வந்துவிட்டது. இன்னொன்று தின்கிறது, மேய்கிறது, கொண்டைகூடச் சிவந்துவிட்டது, முட்டை மட்டும் இன்னும் வைக்கவில்லை.